கமலநாயகியின் மகன், இலக்கம் ஒன்பது

ஷ்வேர்ட்டே நகரில் கதவுப் பிணைச்சல் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே பொதி கட்டும் பகுதியில் வேலை செய்யும் விமலநாதன் ஓர் எழுத்தாளர் என்பது கூட வேலை செய்கிற ஒரு ஜெர்மன்காரருக்கும் தெரியாது. அது அவர்களுடைய கொடுப்பினைக் குறைவு, வேறென்ன சொல்ல? ஆனால் அந்த ரூர் ஆற்றுப் பக்கத்துத் தமிழ்ச் சனத்தைக் கேட்டுப் பாருங்கள். "ஆர், அறிமுகம் எழுதிற விமலண்ணையோ?" என்று உடனே சொல்வார்கள்.

அந்த அறிமுகம் என்னவென்றால், கொன்றையடி இந்துக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஜெர்மனிக் கிளைக்கு ஓர் உதைபந்தாட்ட அணி உண்டு. ஒவ்வொரு வருடமும் மே முதலாம் திகதி அவர்களுடைய பருவத்தின் முதல் ஆட்டம். எதிரணி எப்போதும் தாழையூர் மத்திய கல்லூரிப் பழைய மாணவர்தான். ஊரில் இரண்டு கல்லூரிக்கும் இடையில் இரண்டு மைல் தூரம், அறுபது வருடப் பகை. பழைய மாணவர் எல்லாருக்கும் வயிறு வண்டி வைத்துவிட்டதால் இப்போது பிள்ளைகள் ஆடுகிறார்கள், தகப்பன்மார் கோட்டுக்கு வெளியே நின்று மூச்சு வாங்குகிறார்கள். ஆட்டத்துக்கு இரண்டு கிழமை முந்தி விமலநாதன் எழுதிய அணி அறிமுகம் நாலு பக்கத்தில் போட்டோப் பிரதியாக வெளிவரும். தமிழ்க்கடைகளில் முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் அதை அடுக்கி வைத்திருப்பார்கள். ஆட்டத்தின் முடிவு மூன்றாம் நாள் மறந்துபோகும். அறிமுகத்தை வருடம் முழுக்கக் கதைப்பார்கள்.

ஏனென்றால் அதில் விளையாட்டைப் பற்றி ஒன்றும் இருக்காது. இதைக் கேளுங்கள்:

"கோல் காப்பாளர் கஜரூபன். 1976 உயர்தர விஞ்ஞானப் பிரிவு சிவகுருநாதனின் இரண்டாவது மகன். தகப்பனார் இரசாயனவியலில் விசேட சித்தி பெற்றவர். பாட்டனார் கல்லூரிக் கிணறு வெட்டியபோது அருகில் நின்றவர். சற்றே உயரம் குறைவு."

கஜரூபனின் தலைக்கு மேலால் எத்தனை பந்து போயிருக்கிறது என்று சனத்துக்குத் தெரியும். ஆனால் கிணறு வெட்டியபோது அருகில் நின்ற ஒருவரின் பேரனை அணியிலிருந்து எப்படி எடுக்கிறது? எடுக்க ஏலாது.

எதிரணிக்கு ஒதுக்குவது நாலே நாலு வரி. அதிலே மூன்று வரி போன வருடம் அவர்கள் செய்த அநியாயம். நாலாவது வரி வருடா வருடம் மாறாது: "தாழையூராரிடம் முன்கள வீரர் என்று சொல்ல ஒருவருமில்லை." கடைசி ஐந்து வருடத்தில் தாழையூரார் நாலு தரம் வென்றிருந்தார்கள். அதற்காக வரியை மாற்றுகிற ஆள் விமலநாதன் இல்லை.

சரி, இந்த மனுசன் ஆர்?

எண்பத்திநாலில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்கு வந்து, அங்கிருந்து ரூர்ப் பக்கத்து அகதி முகாம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட பொடியன். ஒரு அறைக்கு ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஒருவர் மகேந்திரராஜா. எழுபத்தியோராம் ஆண்டு கொன்றையடி அணித் தலைவர். வேலை செய்யவும் அனுமதி இல்லை, ஊரைவிட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை என்பதால் அந்த மனிதர் நாள் முழுக்க எழுபத்தியோராம் ஆண்டு இறுதியாட்டத்தைப் பற்றியே கதைத்தார். தாழையூருக்கு எதிராக மூன்றுக்கு இரண்டு. அந்த மூன்றாவது கோலை அடித்தவர் தாமே.

"முதலாவது கோல் ஆர் அடிச்சதெண்டு ஞாபகம் வரேல்லையடாப்பா," என்று ஒருநாள் அவர் தலையில் கை வைத்தபோது, மூலைக் கட்டிலில் கிடந்த விமலநாதன், "பாலசிங்கம். இடது காலாலை," என்றார்.

மகேந்திரராஜா எழும்பி உட்கார்ந்தார். "நீரும் எங்கட கல்லூரியோ?"

விமலநாதன் சொன்னார்: "ஓம்."

ஒரே ஒரு ஓம்தான். அது பொய்.

அவர் படித்தது கல்லூரியின் பின்மதிலுக்கு அடுத்த பக்கத்திலிருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில், அதுவும் எட்டாம் வகுப்பு வரைக்கும். பிறகு தகப்பனோடு வயலுக்கு இறங்கிவிட்டார். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை. பின்னேரமானால் மதிலில் ஏறியிருந்து ஆட்டம் பார்ப்பார். பந்து மதில் தாண்டி விழுந்தால் குதித்தோடி எடுத்து எறிவது அவர் வேலை. "டேய், எறியடா!" என்று உள்ளேயிருந்து கத்துவார்களே தவிர, எறிகிறவனின் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் அவருக்கு எல்லாருடைய பெயரும் தெரியும். ஆரின் மகன், எந்த வகுப்பு, எந்தக் கால், எல்லாம் மனப்பாடம்.

முகாமில் சொன்ன அந்த ஓமுக்குப் பிறகு கதையே வேறு. மகேந்திரராஜா தம் தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்து அவர் தட்டில் வைத்தார். சங்கம் தொடங்கியபோது விமலநாதன் முதல் உறுப்பினர், பிறகு செயலாளர், பிறகு அறிமுகம் எழுதுபவர், மைதானத்தில் மைக் பிடிப்பவர். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி, தான் அங்கே படித்தது விமலநாதனுக்கே நன்றாக ஞாபகம் இருந்தது. பத்தாம் வகுப்பில் மூன்றாவது ஜன்னலுக்குக் கொளுக்கி இல்லை என்பதுகூட. உண்மையில் அந்த ஜன்னலுக்குக் கொளுக்கி இருந்ததோ இல்லையோ, ஆர் கண்டது!

இனி வருகிறது வினை. அதையும் மனுசன் தன் கையாலேயே தேடிக்கொண்டார்.

2005ஆம் ஆண்டு ஆட்டத்தில் தாழையூரார் தங்கள் பழைய மாணவர் துரைசிங்கத்தின் மகன் என்று சொல்லி, கதவகலத் தோளோடு ஒரு பொடியனை இறக்கினார்கள். அவன் மூன்று கோல் அடித்தான். கடைசியில் விழுந்து கால் சுளுக்கியபோது துருக்கி மொழியில் தாயைக் கூப்பிட்டான். துரைசிங்கத்துக்கு இரண்டும் பெண் பிள்ளைகள் என்பது அப்போதுதான் சனத்துக்கு ஞாபகம் வந்தது. "கோதாரி விழுவாரே!" என்று விமலநாதன் மைக்கிலேயே கத்திவிட்டார்.

அடுத்த தை மாதம் இரண்டு சங்கமும் சேர்ந்து கூட்டம் போட்டன. விமலநாதன் எழும்பினார். இருபத்திரண்டு வருடமாக எத்தனை அன்ட்ராக் படிவம் நிரப்பியவர், எத்தனை கந்தோரில் தெர்மின் நேரத்துக்குக் காத்திருந்தவர்! ஜெர்மன்காரனிடம் கற்றதெல்லாம் அன்றைக்கு வாயால் கொட்டியது. விளையாட வருகிற ஒவ்வொருவரும் "பெற்றோரில் ஒருவர்" அந்தக் கல்லூரியில் படித்ததற்கு விடுகைப் பத்திரம் காட்ட வேண்டும், மூலப்பிரதியும் வேண்டும், முத்திரை குத்திய நகலும் வேண்டும், இல்லாவிட்டால் வெளியே நிற்க வேண்டும். அரசாங்கம் தரும் பிள்ளைப்பணத்துக்கு நிரப்பும் படிவத்தைப் பார்த்து எழுதியதால், அதில் இருந்தபடியே "பெற்றோரில் ஒருவர்" என்று வந்துவிட்டது. சபை கைதட்டியது. தாழையூர் அணியின் பொறுப்பாளர் இரத்தினம்கூட வெட்கத்தோடு கையைத் தூக்கினார். பத்திரங்களைப் பரிசோதிக்கும் பொறுப்பையும் விமலநாதனிடமே கொடுத்தார்கள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காரில் ஏறி, வீட்டுக்குப் பக்கத்துச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோதுதான் அவருக்குத் தன்னுடைய விடுகைப் பத்திரம் ஞாபகம் வந்தது. பச்சை விழுந்து பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடிக்கும்வரைக்கும் அவர் அசையவில்லை.

அவருடைய மகன் மிதுஷனுக்குப் பத்தொன்பது வயது. மின்வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறான். ஜெர்மன் கழகம் ஒன்றிலும் ஆடுகிறான். கொன்றையடி அணியில் பந்தைக் காலால் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்று சொன்னால் மற்றத் தகப்பன்மார் கோபிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். அந்த மே முதலாம் திகதிக்காக, தன் கழகத்து ஆட்டத்துக்கு வர ஏலாது என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டான். "எங்கட ஆக்கள் முன்னால ஒருக்கா வடிவா விளையாடோணும், அப்பா," என்று சொன்னான்.

மாசியும் பங்குனியும் விடுகைப் பத்திரங்கள் வந்து குவிந்தன. சமாதான காலம் என்பதால் யாழ்ப்பாணம் போய்வருவோர் கையில் கொடுத்தனுப்பினார்கள். வந்த பத்திரங்களால் சில வீடுகளில் அமைதி கெட்டது. இரசாயனவியலில் விசேட சித்தி பெற்ற சிவகுருநாதனின் பத்திரத்தில் "நடத்தை: திருப்தியில்லை" என்று இருந்தது. கிணற்றுப் பேரனின் பேர் போகக்கூடாதென்று விமலநாதன் அந்த வரியை இரண்டு விரலால் மூடிக்கொண்டே நகல் எடுத்தார்.

கடைசியில் பதினொரு பேரில் ஒரு பத்திரம்தான் பாக்கி.

"விமலநாதன், எல்லாருடையதும் வந்திட்டுது. உம்முடையதுதான் காணேல்லை," என்று மகேந்திரராஜா தொலைபேசியில் சொன்னார்.

"அது அண்ணை, ஷோனெஃபெல்டிலை பையோடை துலைஞ்சு போச்சு."

"அதுக்கென்ன! இப்ப இருக்கிற கல்லூரி அதிபர் என்ர மச்சான்தானே. நான் எழுதிப்போட்டு நகல் எடுப்பிக்கிறன். நீர் எந்த ஆண்டு சேர்ந்தனீர்?"

"வேண்டாம் அண்ணை, உங்களுக்கேன் கரைச்சல்!"

"கரைச்சலோ? எழுபத்தியோராம் ஆண்டு மட்சைப் பார்த்தவருக்கு இதுகூடச் செய்யாட்டி நான் என்ன தலைவர்?"

மச்சான் மாணவர் இடாப்பைப் புரட்டினால் முடிந்தது கதை. அப்படி ஒரு பெயரே இல்லை என்று கடிதம் வரும். மைக், அறிமுகம், கோழிக்கால் எல்லாம் போகும். விமலநாதன் இரண்டு நாள் யோசித்தார். பெடியன் பெயர் பட்டியலில் இருந்தால்தானே பத்திரம் வேண்டும்? அந்த வருட அறிமுகத்தில் இப்படி எழுதினார்: "முன்கள வீரர் மிதுஷன், காயம் காரணமாக இம்முறை விளையாட மாட்டார்." கீழே வழக்கமான வரி: "தாழையூராரிடம் முன்கள வீரர் என்று சொல்ல ஒருவருமில்லை."

நிம்மதியாக அச்சுக்குக் கொடுத்துவிட்டு, மகேந்திரராஜாவுக்கும் தொலைபேசி எடுத்து இனி எழுதிப்போட வேண்டாம் என்று சொன்னார். மகனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மிதுஷன் அதைத் தமிழ்க்கடையில் வாசித்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், என்றாலும் தன் பெயரும் காயமும் விளங்கிவிட்டது. தாளோடு குசினிக்குள் வந்து நின்றான்.

"அப்பா, எனக்கு எங்க காயம்?"

விமலநாதன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

"நான் வடிவா விளையாடேல்லையோ? வெட்கமா இருக்குதோ உங்களுக்கு?"

"விசர் கதை கதையாதை. அது... கடதாசிப் பிரச்சினை."

"எல்லாரின்ர அப்பாவும் கடதாசி எடுத்தவை. நீங்கள் எனக்காக ஒரு கடதாசி எடுக்கேல்லை." பெடியனின் குரல் உடைந்துபோனது. கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான். அந்தக் கதவின் பிணைச்சல் விமலநாதன் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து போட்டது.

மனைவி கமலநாயகி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். அவர் இந்தக் கதையில் இவ்வளவு நேரமும் வாய் திறக்கவில்லை என்றால், அந்த வீட்டில் உதைபந்தாட்டக் கதை வரும்போது அதுதான் வழக்கம்.

"இஞ்சருங்கோ. அவனிட்டைச் சொல்லியிருக்கலாமே, நீங்கள் அங்க படிக்கேல்லை எண்டு."

விமலநாதன் கோப்பையை மேசையில் வைத்தார். "உமக்கு... உமக்கெப்பிடித் தெரியும்?"

"எண்பத்தெட்டிலேயே தெரியும். உங்கட அம்மா எனக்குக் கடிதம் எழுதேக்கை, நீங்கள் பின்பள்ளிக்கூடத்திலை எட்டாம் வகுப்பிலை முதலாம் பிள்ளையா வந்ததெண்டு பெருமையா எழுதினவா."

"பதினெட்டு வருசம் நீர் ஒண்டும் கேக்கேல்லை!"

"மைக் பிடிச்சா உங்கட முகத்திலை ஒரு வெளிச்சம் வருமப்பா. அதை ஏன் நான் கெடுப்பான்? ஆனா அதுக்காக என்ர பிள்ளையைக் காயக்காரன் ஆக்க நான் விடமாட்டன்."

கமலநாயகி கையைக் கழுவினார். அலுமாரியைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு மடிப்புக்கூட இல்லாமல், ஒரு விடுகைப் பத்திரம். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற தாழையூர் மத்திய கல்லூரி. 1980 உயர்தரக் கலைப்பிரிவு. நடத்தை: மிக நன்று.

"நீங்கள் எழுதின சட்டம்தானே? 'பெற்றோரில் ஒருவர்'. நானும் ஒருத்திதானே?" என்று கேட்டார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. தொலைபேசியை எடுத்துத் தாழையூர் இரத்தினத்துக்கு அடித்தார்.

மே முதலாம் திகதி தூறல். மைதானத்தைச் சுற்றிக் குடைகள், அடுப்பில் றோல்ஸ். சனத்தின் கையில் எல்லாம் அறிமுகத் தாள். பரிசோதனை மேசையில் விமலநாதன், முன்னால் முத்திரை, பக்கத்தில் மைக். கொன்றையடிக் கோப்பில் காயக்காரனுக்குப் பதிலாக ஒருவரைப் போட்டு, பதினொன்றும் சரியாக இருந்தது. பிறகு இரத்தினம் வந்து தாழையூர்க் கோப்பை வைத்தார். சிரிப்பை அடக்கியதில் அவருடைய மீசை துடித்தது. ஒன்பதாவது தாளில் கமலநாயகியின் பத்திரம். இரத்தினத்துக்குப் பின்னால் தாழையூரின் பச்சைச் சட்டையோடு மிதுஷன். தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை, சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

மகேந்திரராஜா ஓடிவந்தார். "என்னய்யா இது கூத்து! எங்கட பெடியன் அங்காலை நிக்கிறான்! காயம் எண்டீர்! விமலநாதன், வாயாலை ஒரு சொல்லுச் சொல்லும், நீர் கொன்றையடி எண்டு. உமக்குப் பத்திரம் தேவையில்லை, நான் சாட்சி. இரத்தினம், பெடியன் இஞ்சால வாறான்!"

இரத்தினம் விமலநாதனைப் பார்த்தார். "சட்டம் எழுதினவர் சொல்லட்டும்."

சுற்றி நின்ற சனம் மேசையை நெருங்கி வந்தது. ஒரு வார்த்தை போதும். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திச் சொன்ன அதே வார்த்தையை இன்னொரு தரம் சொன்னால் மகன் இந்தப் பக்கம், மானமும் இந்தப் பக்கம். விமலநாதன் முத்திரையை எடுத்தார். கமலநாயகியின் பத்திரத்தில் குத்தினார். பிறகு மைக்கை எடுத்து அணிகளை வாசிக்கத் தொடங்கினார். முதலில் கொன்றையடி, தகப்பன் பெயர், ஆண்டு, கிணறு உட்பட. அதன் பிறகு தாழையூர். ஒன்பதுக்கு வந்தபோது தொண்டையைச் செருமினார்.

"இலக்கம் ஒன்பது, முன்கள வீரர் மிதுஷன். கமலநாயகியின் மகன். தாயார் 1980 கலைப்பிரிவு, நடத்தை மிக நன்று. காயம் ஒன்றுமில்லை. தகப்பன் விமலநாதன்." இங்கே மூச்சு எடுத்தார். "தகப்பன் கொன்றையடி இந்துக் கல்லூரியின் பின்மதிலுக்கு வெளியே படித்தவர். எட்டாம் வகுப்பு. கல்லூரிக்குள்ளே ஒரு நாளும் காலடி வைக்காதவர்."

றோல்ஸ் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. மிதுஷன் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

மகேந்திரராஜாவின் முகம் சிவந்தது. "என்னைப் பேய்க்காட்டினீரோ? என்ர சாப்பாட்டிலை பங்கு தந்தனான் ஐசே! அப்ப எழுபத்தியோராம் ஆண்டு மட்ச்? என்ர மூண்டாவது கோல்? அதை எங்கயிருந்து பார்த்தனீர்?"

"மதிலிலை ஏறியிருந்துதான் அண்ணை," என்றார் விமலநாதன். கண்ணில் நீர் வந்துவிட்டது. பொய்யை இறக்கி வைத்த மனுசனுக்கு இனி எதையும் மறைக்கத் தோன்றவில்லை. "நீங்கள் அடிச்ச பந்து மதிலைத் தாண்டி என்ர காலுக்குள்ளைதான் வந்து விழுந்தது. நான்தான் எடுத்து எறிஞ்சனான்."

பழைய தலைவருக்கு ஆட்டம் தெரியும். கோலுக்குப் பின்னால் வலை கட்டியிருந்தது. உள்ளே போன பந்து வலைக்குள் கிடக்கும். மதில் தாண்டிப் போன பந்து கோலுக்குள் போயிருக்க ஏலாது. அன்றைய நடுவர் கொன்றையடிக் கணித ஆசிரியர், அவருக்குக் கிட்டப்பார்வை. எல்லாம் ஒரு நொடியில் அவர் தலைக்குள் ஓடியிருக்க வேண்டும், வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"எனக்கு விளங்கேல்லை. பந்து எங்க விழுந்தது எண்டனீங்கள், விமலண்ணை?" என்று இரத்தினம் மெல்லக் கேட்டார். அந்த இறுதியாட்டத்தில் தோற்ற அணிக்கு விளையாடியவர் இரத்தினத்தின் மூத்த தமையன்.

மகேந்திரராஜா பாய்ந்து மைக்கைப் பறித்தார். "உறவுகளே! எங்கட விமலநாதன் எப்பவும் பகிடிக்காரன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே! பெடியன் எதிரணிக்குப் போன கவலையிலை சும்மா பகிடி விடுறார்! விமலநாதன் எங்கட கல்லூரியின்ர மாணிக்கம்! அதுக்கு நான் சாட்சி! நடுவர், விசில் அடியும், விசில் அடியும்!"

சனம் சிரித்துக் கைதட்டியது. எல்லாருக்கும் ஆறுதல். விமலநாதன் கொன்றையடி இல்லையென்றால் இத்தனை வருட அறிமுகத்தை என்ன செய்வது, அதில் அச்சாகியிருக்கும் தங்கள் தகப்பன்மாரை என்ன செய்வது? அவர் உண்மையைச் சொன்னார். சங்கம் அதை ஏற்கவில்லை. போதாக்குறைக்கு அவரை அடுத்த வருடத்துக்கும் மைக் பிடிப்பவராக அந்த இடத்திலேயே ஏகமனதாகத் தெரிவு செய்தது.

ஆட்டம் நாலுக்கு ஒன்று, தாழையூருக்கு. மிதுஷன் மூன்று கோல். கஜரூபனின் தலைக்கு மேலால் இரண்டு, காலுக்குள்ளால் ஒன்று. ஒவ்வொரு தரமும் விமலநாதன் மைக்கில், "கோல்! கமலநாயகியின் மகன்!" என்று கத்தினார். குரல் கூடிக்கொண்டே போனது. மூன்றாவதற்குக் கொன்றையடித் தகப்பன்மார் திரும்பி முறைத்தார்கள். கமலநாயகி குடைக்குக் கீழே நின்று முகத்தைத் துடைத்தார். தூறல் என்று சொன்னார்.

முடிந்தபிறகு மிதுஷன் சேறோடு மேசைக்கு வந்தான். ஒருவரும் கேளாத மாதிரி குனிந்து கேட்டான்.

"அப்பா, நீங்கள் மைக்கிலை சொன்னது. மகேந்திரராஜா மாமா பகிடியெண்டவர். அது உண்மையோ?"

விமலநாதன் மகனைப் பார்த்தார். முத்திரைப் பெட்டியை மூடினார்.

"ஓம்," என்றார்.

மிதுஷன் கையிலிருந்த பந்தைத் தகப்பனின் கையில் வைத்துவிட்டு, "வாங்கோ, அம்மா குளிருக்குள்ளை நிக்கிறா," என்றான்.